ஒலிநடை அமைப்பது எப்படி? ஜிபிஎஸ்ஸை நம்பித் தெருவில் இறங்குகிறவர்களுக்கு

ஒலிநடை என்பது நடந்தால் கேட்கும் படைப்பு. வரைபடத்தின் மேல் சில வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் ஒலிக்கோப்பு. கேட்பவர் இயர்போன் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். அவர் எந்த வட்டத்துக்குள் இருக்கிறார் என்று போனின் ஜிபிஎஸ் பார்த்து, அதற்குரிய ஒலியை எழுப்பும், வெளியேறினால் அடக்கிவிடும். எந்தப் பொத்தானையும் அவர் தொட வேண்டியதில்லை. எந்த வழியில் போகிறார், எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதே படைப்பின் வரிசையையும் நீளத்தையும் முடிவு செய்கிறது.

முதல் ஒலிநடையைச் செய்ய நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலக்கைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும் பகுதி, எட்டு முதல் பன்னிரண்டு வட்டங்கள், மொத்தம் அரைமணி நேர நடை. முதல் முறை இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு வட்டத்தையும் எல்லாத் திசைகளிலிருந்தும் நடந்து சோதிக்க வேண்டியிருக்கும். எண்ணிக்கை கூடக்கூட அந்த வேலை உங்களை விழுங்கிவிடும்.

தொடங்கும் முன் ஒன்று. நீங்கள் சரியாக எங்கே நிற்கிறீர்கள் என்று போனுக்குத் தெரியாது. நீங்கள் இருக்கக்கூடிய ஒரு பகுதி மட்டுமே அதற்குத் தெரியும். இந்தப் பிழையை மறைக்க முயன்றால் வேலை தோற்கும். பிழைக்கு இடம்விட்டு இயற்றினால் நன்றாக வரும். கீழே சொல்லப்போகும் அளவுகள், எச்சரிக்கைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முன்னோடிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

1967இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒலிக்கலைஞர் மேக்ஸ் நியூஹாஸ் ஒரு சாலையோரமாகச் சிறு வானொலி ஒலிபரப்பிகளை வைத்தார். காரில் போகிறவர்கள் குறிப்பிட்ட அலைவரிசையைத் திருப்பினால் இசை கேட்கும். எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். செயற்கைக்கோள் எதுவும் இல்லாமலேயே, கேட்பவரின் நகர்வை இசையின் பகுதியாக்கிய வேலை அது.

கனடாவின் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991இல் பான்ஃப் காட்டில் தன் முதல் நடையைச் செய்தார். கேட்பவர் வாக்மேனை மாட்டிக்கொள்வார். குரல் வழிசொல்லிக்கொண்டே போகும். அங்கே கடிகாரம்தான் எஜமான். கேட்பவர் நின்றுவிட்டாலும் நாடா ஓடிக்கொண்டே இருக்கும். இன்றும் இது நல்ல முறை. உங்கள் கதை ஒரே வரிசையில்தான் போக வேண்டுமென்றால் ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு இதையே செய்யுங்கள்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. சுமார் 100 மீட்டர் வரை தடுமாறும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். அதன் பிறகே ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வேறுபாடு கையில் இருக்கும் கருவிக்குத் தெரிந்தது. 2002இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜெஃப் நோல்டன், நவோமி ஸ்பெல்மன், ஜெரமி ஹைட் ஆகிய மூவர் செய்த ‘34 நார்த் 118 வெஸ்ட்’ இதைக் கலைக்குக் கொண்டுவந்த ஆரம்ப வேலைகளில் ஒன்று. பழைய சரக்கு ரயில் நிலையப் பகுதியில், ஜிபிஎஸ் பொருத்திய டேப்லெட் கணினியும் ஹெட்போனுமாக நடக்கிறவர்களுக்கு, அந்த இடத்தில் முன்பு வேலை செய்து வாழ்ந்தவர்களின் குரல்கள் கேட்கும். கடிகாரத்தின் இடத்தை நிலம் எடுத்துக்கொண்டது.

இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் பிளாஸ்ட் தியரி கலைக்குழு நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2001இல் ஷெஃபீல்டில் நடத்திய ‘கேன் யூ சீ மீ நவ்?’ ஒரு துரத்தல் ஆட்டம். இணையத்தில் இருக்கும் ஆட்டக்காரர்களை உண்மையான தெருவில் ஜிபிஎஸ் கருவியோடு ஓடுகிறவர்கள் துரத்துவார்கள். எங்கே சிக்னல் பிடிக்கும், எங்கே விழும் என்பதை ஓட்டக்காரர்கள் போகப்போகக் கற்றுக்கொண்டு, அதையே ஆட்டத்தின் உத்தியாக்கினார்கள். தெருவுக்குக் கட்டடமும் மரமும் இருப்பதுபோலவே சிக்னலின் மேடுபள்ளமும் உண்டு. ஒலிநடை செய்கிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்த மேடுபள்ளத்தைத்தான்.

இடத்தை அண்ணாந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இடம் தேடும்போது பெரும்பாலானவர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் வானத்தைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து வானம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவு நன்றாக ஜிபிஎஸ் வேலை செய்யும். கோயில் குளக்கரை, கடற்கரை, மைதானம், பெரிய சந்திப்பு எல்லாம் எளிது. மயிலாப்பூர் தெப்பக்குளத்தைச் சுற்றியோ மதுரையின் மாசி வீதிகளிலோ தொடங்கலாம். சவுக்கார்பேட்டை போன்ற இடங்களில், ஆறடிச் சந்துக்கு இருபுறமும் மூன்று மாடிக் கட்டடம் இருந்தால், முதல் வேலையை அங்கே வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் வரும் சிக்னல் என்பதால், ஒரு மைக்ரோவினாடி பிசகினாலே கணக்கில் 300 மீட்டர் பிசகும். சந்தில் நேர்ச்சிக்னலைச் சுவர் மறைத்துவிடும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல் மட்டும் வரும். அது கூடுதல் தூரம் பயணித்து வருவதால், நீங்கள் இல்லாத இடத்தில் இருப்பதாகப் போன் முடிவுகட்டும். பல நேரம் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கோ அடுத்த தெருவுக்கோ உங்களைத் தள்ளிவிடும். அடர்ந்த மரநிழலும் சிக்னலைக் குறைக்கும், மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாக. மேம்பாலத்தின் அடி, மெட்ரோ பாதையின் அடி, தகரக்கூரை போட்ட சந்தை ஆகியவற்றை வட்டம் வைக்காத இடங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் ஜிபிஎஸ்ஸை நம்பவே வேண்டாம். அங்கே புளூடூத் பீக்கன் (அருகில் வரும் போனுக்குத் தன் அடையாளத்தை அனுப்பும் சிறு கருவி) வைக்கலாம், அல்லது சுவரில் ஒரு கியூஆர் ஒட்டிவிடலாம்.

கோயில்களைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே வட்டங்களை மதிலுக்கு வெளியே, மாட வீதிகளில் வையுங்கள். கோயில் வாசலை ஒட்டிய வட்டம் மதிலுக்குள் நீளாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் போனை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் உங்கள் படைப்பின் பாதியை இழப்பார்.

ஒலி இல்லாமல் முதலில் நடங்கள்

இடம் முடிவானதும், ஒரு நொடி ஒலிகூடப் பதிவுசெய்யாமல், போனை மட்டும் எடுத்துக்கொண்டு நடங்கள். ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலி எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது, துல்லியம் எத்தனை மீட்டர் என்பதைக் காட்டும். கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாவதையும் சிறிதாவதையும் பார்த்தாலும் ஓரளவு தெரியும்.

வட்டம் வைக்க நினைக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நின்றாலும் புள்ளி நடக்கும். அது எவ்வளவு தூரம் அலைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அலைச்சலின் தூரத்துக்கும் சிறியதாக அங்கே வட்டம் வைக்கக் கூடாது.

துல்லியம் என்று போன் காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு ‘8 மீட்டர்’ என்று சொன்னால், நீங்கள் அந்த 8 மீட்டர் ஆரத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். மூன்றில் ஒரு முறை நீங்கள் அதற்கும் வெளியே இருக்கலாம். திறந்த வானத்தின் கீழ் சாதாரணப் போன்களில் பிழை 5 மீட்டர் அளவில் இருக்கும். வீடுகள் நெருங்கிய தெருவில் 15, 20 என்று ஏறும்.

இதே நடையை வேறு வேறு நேரங்களில் செய்யுங்கள்: விடிகாலை, நண்பகல், மாலை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு ஏறத்தாழ 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருகிறது. ஆகவே மறுநாள் அதே நேரத்தில் சோதித்தால் கிட்டத்தட்ட அதே வானத்தைத்தான் சோதிக்கிறீர்கள். ஒரு நேரத்தில் அருமையாக வேலை செய்த சந்து வேறு நேரத்தில் சொதப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வட்டம் வரைதல்

வரைபடத்தில் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து ஓர் அட்டவணையில் எழுதுங்கள். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும். ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று மாறினால் நிலத்தில் சுமார் 1.1 மீட்டர். அதற்கு மேல் எழுதுவது போனுக்கு இல்லாத துல்லியத்தைக் கற்பனை செய்வதாகும். எண்களின் வரிசையில் கவனம் தேவை. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில் வரும். சென்னையின் 13.08, 80.27 இடம் மாறினால் உங்கள் வட்டம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். எந்த ஒலியும் எழாவிட்டால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஆரம் எவ்வளவு? திறந்தவெளியில் குறைந்தது 12 மீட்டர். சாதாரணத் தெருவில் 20. நெருக்கமான இடத்தில் 25 முதல் 30. ஒரு வீட்டு வாசலுக்கு மட்டும் ஒலி வேண்டும் என்று 5 மீட்டரில் வட்டம் வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது. அந்த ஒலி பாதிப் பேருக்குக் கேட்காது. கேட்டவர்களுக்கும் வேறொரு வாசலில் கேட்கும்.

அடுத்தடுத்த குரல் வட்டங்களுக்கு நடுவே குறைந்தது 10 மீட்டர் இடைவெளி விடுங்கள். தெருவின் இருபுறத்துக்கும் தனித்தனி வட்டம் வைக்காதீர்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது போனுக்குத் தெரியாது. முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டு வரிசைக்கு இருபுறமும் இரண்டு தெருக்கள் ஓடினால், இரண்டிலும் நேர் எதிரெதிராக வட்டம் வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். சிக்னல் வீட்டுக்கு மேலே தாவி அடுத்த தெருவின் ஒலியை எழுப்பிவிடும்.

இரண்டு அடுக்காக யோசிப்பது நல்லது. அடியில் 80 முதல் 100 மீட்டர் ஆரத்தில் பெரிய வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியபடி: இவற்றில் மெல்லிய, முடிவில்லாமல் சுழலும் ஒலி. அதன் மேல் சிறிய குரல் வட்டங்கள். அடி ஒலி கலைக்கு மட்டுமல்லாமல் நடைமுறைக்கும் தேவை. குரல் வட்டங்களுக்கு நடுவே முழு அமைதி இருந்தால் செயலி நின்றுவிட்டதோ என்று கேட்பவர் போனை வெளியே எடுப்பார். எடுத்த கையோடு வாட்ஸ்அப் பார்ப்பார். அடி ஒலி இருந்தால் படைப்பு உயிரோடிருப்பது அவருக்குத் தெரியும், தலை நிமிர்ந்தே இருக்கும்.

வட்டத்தின் விளிம்பில் இன்னொரு தொல்லை உண்டு. கேட்பவர் விளிம்பில் நிற்கும்போது அலையும் புள்ளி உள்ளே வெளியே என்று மாறிமாறிப் போகும். ஒலி தொடங்கி நின்று தொடங்கி நிற்கும். இதற்கு இரண்டு மருந்து. நுழைவதற்கு ஓர் ஆரம், வெளியேற அதைவிடப் பெரிய ஆரம்: உள்ளே 15 மீட்டர் என்றால் வெளியே 21. நீங்கள் பயன்படுத்தும் ஒலிநடைத் தளத்தில் அது முடியாவிட்டால், ஒலி ஏற 3 நொடி, இறங்க 5 நொடி என்று நிதானமான ஏற்றஇறக்கம் வையுங்கள், வெட்டு மறைந்துவிடும்.

குரலை எழுதுதல்

கேட்டுக்கொண்டே நடப்பவர் நிதானமாகத்தான் நடப்பார். நொடிக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 20 மீட்டர் ஆர வட்டத்தின் நடுவே கடந்தால் 40 நொடி. விளிம்போரமாகக் கடந்தால் 15 நொடிகூட இருக்காது. ஆகவே முக்கியமானதை முதல் 15 நொடியில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வருவது நின்று கேட்கிறவருக்கான கொடை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எந்தக் குரலும் வேண்டாம். நீங்கள் வாசிக்கும் வேகத்தை ஒருமுறை அளந்துகொண்டு, அதற்கேற்பச் சொற்களை எண்ணி எழுதுங்கள்.

‘உங்கள் இடப்பக்கம் பாருங்கள்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கேட்பவர் தெருவின் எந்த முனையிலிருந்து வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. போனில் திசைகாட்டி உண்டுதான், ஆனால் போன் சட்டைப்பையில் இருக்கும், தலை வேறுபக்கம் திரும்பியிருக்கும். ‘கோபுரத்தைப் பார்த்து நில்லுங்கள்’, ‘குளத்துக்கு முதுகைக் காட்டுங்கள்’ என்று அசையாத பெரிய பொருளைப் பிடித்துச் சொல்லுங்கள். ‘இந்தக் கதவு’, ‘இதோ இந்தப் படி’ என்பதும் வேண்டாம். ‘இந்தத் தெருவில் ஒரு நீலக் கதவு இருந்தது’ என்றால், பிழை 20 மீட்டரானாலும் வாக்கியம் பொய்யாவதில்லை. கேட்பவரும் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போவார். துல்லியம் இல்லாத கருவி அவரைத் தெரு முழுவதையும் பார்க்கவைக்கிறது. இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

வரிசை உங்கள் கையில் இல்லை. இரண்டாவது வட்டத்தில் அறிமுகமாகும் ஆள் ஐந்தாவதில் ‘அவர்’ என்று மட்டும் வந்தால், எதிர்த்திசையில் நடந்தவருக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு வட்டமும் தனித்து நிற்க வேண்டும்; பெயரை, உறவை அந்தந்த இடத்தில் மறுபடி ஒரு சொல்லில் சொல்லிவிடுங்கள். எழுதி முடித்ததும் தாள்களைக் கலைத்துப்போட்டு, வந்த வரிசையில் வாசித்துப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பதிவும் கோப்பும்

குரலை அமைதியான அறையில், மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், தணிந்த தொனியில் பதிவுசெய்யுங்கள். காதருகே பேசும் குரல் தெரு இரைச்சலிலும் தனித்துத் தெரியும். மேடைப்பேச்சுக் குரல் இரைச்சலோடு மோதித் தோற்கும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த அதிர்வெண் ஒலியை வெட்டிவிடுங்கள். பேருந்து எஞ்சின் அந்தப் பகுதியை எப்படியும் மூடிவிடும். உரத்த அசைக்கும் மெல்லிய அசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் அதே மென்பொருளில் உள்ள கம்ப்ரஸர் வசதி கொண்டு குறையுங்கள். எல்லாக் குரல் கோப்புகளையும் ஒரே ஒலிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்; பாட்காஸ்ட்களுக்கு வழக்கமான மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) சரியாக இருக்கும். கடைசி முடிவை அறையில் எடுக்காமல் அதே தெருவில், போக்குவரத்து மிகுந்த நேரத்தில், சாதாரண இயர்போனில் கேட்டு எடுங்கள்.

128 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. மொத்தம் 25 நிமிட ஒலி என்றால் 25 எம்பி. வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு வரச் சொல்லலாம். சுழலும் அடி ஒலிக்கு மட்டும் எம்பி3 வேண்டாம். அந்த வடிவம் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றிடத்தைச் சேர்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். தளம் ஏற்றுக்கொண்டால் டபிள்யூஏவி அல்லது ஓஜிஜி கொடுங்கள்.

தெரு ஒலிகளையே பதிவுசெய்து தெருவில் கேட்கவைப்பது அழகான உத்தி. காலை நான்கு மணிப் பூச்சந்தையின் சத்தம் மாலையில் அதே இடத்தில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஹாரன், பிரேக், மணி அடிக்கும் சைக்கிள் ஆகியவற்றைச் சாலையோர வட்டங்களில் வைக்கவே கூடாது. பொய் ஹாரனுக்கு ஒருவர் துள்ளி நகர்வார். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவதாக வரும் உண்மையான ஹாரனை அசட்டை செய்வார். சாலையைக் கடக்கும் இடங்களில் குரலே இருக்கக் கூடாது. குரல் வட்டங்களை நடைபாதை அகலமான இடத்தில், நிழலில், நிற்க இடமுள்ள இடத்தில் வைத்துக் கேட்பவரின் கால்களை அங்கே நிறுத்துங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன், அல்லது காதை அடைக்காத ஹெட்போன் என்று தொடக்கக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எதில் செய்வது?

முதல் வேலைக்கு ஆயத்தத் தளங்களே போதும். எக்கோஸ், சோனிக்மேப்ஸ் போன்றவை உலாவியிலேயே வரைபடம் தருகின்றன. அதில் வட்டம் வரைந்து ஒலியை ஏற்றினால் நடை தயார். வெளியிடும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: திரை அணைந்த பிறகும் ஒலி வேலை செய்கிறதா, இணையம் இல்லாமல் கேட்க முன்கூட்டியே இறக்கிக்கொள்ள முடிகிறதா, மறுபடி நுழைந்தால் ஒலி முதலிலிருந்தா விட்ட இடத்திலிருந்தா என்பதை நீங்கள் தீர்மானிக்க முடிகிறதா. குரலுக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்வதே நல்லது.

சொந்தமாக இணையப்பக்கம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால்தான் உலாவி இருப்பிடத்தைத் தரும். கேட்பவர் ஒரு முறையாவது திரையைத் தொட்டால்தான் ஒலியை அனுமதிக்கும். அதனால் ‘தொடங்கு’ பொத்தான் கட்டாயம். திரை பூட்டிக்கொண்டால் உலாவி இருப்பிடம் வாங்குவதை நிறுத்திவிடும். உலாவியின் வேக் லாக் வசதியைக் கொண்டு திரையை விழித்திருக்கச் செய்யலாம். ஆனால் பேட்டரி கரையும், சட்டைப்பையில் திரை தொடுபட்டு எதையாவது அழுத்தும். இருப்பிட அளவை வந்ததும் நேரே நம்பாதீர்கள். துல்லியம் 25 மீட்டருக்கு மேல் காட்டினால் ஒதுக்குங்கள். தொடர்ந்து இரண்டு அளவைகள் வட்டத்துக்குள் விழுந்தால் மட்டும் ஒலியை எழுப்புங்கள். நடப்பவர் ஒரே நொடியில் 30 மீட்டர் தாவியதாக வந்தால் அது சிக்னலின் தாவல்; அதையும் ஒதுக்குங்கள்.

தனிச் செயலி எழுதத் தெரிந்தவர்கள் போன் இயங்குதளத்தின் ஜியோஃபென்ஸ் வசதியை (ஒரு பகுதிக்குள் நுழைந்தால் செயலிக்கு அறிவிப்பது)ப் பார்த்து மயங்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் அதற்குப் பரிந்துரைக்கும் குறைந்த ஆரமே 100 முதல் 150 மீட்டர். அறிவிப்பு நிமிடக்கணக்கில் தாமதமாகலாம். ஐபோனில் ஒரு செயலிக்கு 20 பகுதிகள்தான். கடை விளம்பரம் அனுப்ப அது போதும், ஒலிநடைக்கு ஆகாது. இருப்பிடத்தைத் தொடர்ந்து வாங்கி, தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்.

மற்றவர்களை நடக்கவிட்டுச் சோதித்தல்

குறைந்தது இரண்டு போன் வேண்டும்: விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்று, ஐபோன் ஒன்று. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எல்லாத் திசைகளிலிருந்தும் நுழையுங்கள். கையில் வைத்து ஒருமுறை, பேன்ட் பையில் வைத்து ஒருமுறை. உடம்பே சிக்னலை மறைக்கும்.

பிறகு நடையைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று நான்கு பேரிடம் போனைக் கொடுத்து, பத்தடி பின்னால் பேசாமல் போங்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே போனை எடுக்கிறார்கள், எந்தக் குறுக்குச்சந்தில் நீங்கள் நினைக்காத பக்கம் திரும்புகிறார்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள். வழி சொல்லித் திருத்தாதீர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தவறாகத் திரும்பினால், வட்டத்தை அங்கே நகர்த்துவதுதான் சரி.

யாருக்காவது ஒலியே வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அனுமதி. ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் ‘துல்லியமான இருப்பிடம்’, ‘தோராயமான இருப்பிடம்’ என்று இரண்டு தேர்வு உண்டு. தோராயத்தைத் தொட்டுவிட்டால் பிழை கிலோமீட்டர் கணக்கில் போகும். தொடக்கத்தில் கேட்டது, பாதியில் நின்றது என்றால் பேட்டரி சேமிப்பு முறையைப் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்கள் திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும். ஒலி பத்துப் பதினைந்து நொடி தாமதமாக வருகிறது என்றால் போன் மின்சாரம் சேமிக்க இருப்பிடத்தை அடிக்கடி கேட்பதில்லை என்று பொருள்; ஆரத்தை 5 மீட்டர் கூட்டினாலே பல நேரம் சரியாகும். வெயிலில் திரை எரிந்தபடி நடந்தால் போன் சூடேறித் திரையை மங்கலாக்கும். நம் ஊரில் நடையை மாலை நான்குக்குப் பிறகு அல்லது காலை ஒன்பதுக்குள் என்று அறிவித்துவிடுவது கேட்பவருக்கும் போனுக்கும் நல்லது.

தொடக்க இடத்தை வானம் திறந்த இடமாக வையுங்கள். செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. இணையம் இல்லாத போன் அதை முழுதாகக் கேட்டால்தான் முதல் இடத்தைக் கண்டுபிடிக்கும். அங்கே ஒரு நிமிட வரவேற்புக் குரல் வைத்தால், ஜிபிஎஸ் நிலைப்படவும் கேட்பவர் ஒலியளவைச் சரிசெய்யவும் நேரம் கிடைக்கும்.

யாருடைய இடம், யாருடைய தடம்

2002இல் எஸ்தர் போலக்கும் யெரூன் கேயும் வாக் என்ற டச்சு அமைப்போடு சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்பவர்களின் கையில் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, அவர்கள் போன வழிகளைக் கறுப்புப் பின்னணியில் கோடுகளாக வரையவைத்தார்கள். எந்தத் தெருப்படமும் இல்லாமலேயே நகரத்தின் வரைபடம் எழுந்தது. அதே கோடுகள் ஒருவரின் வீடு எது, அன்றாட வழி எது என்பதையும் சொல்லிவிடும். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017 நவம்பரில் வெளியிட்ட ஓட்டப்பாதை வரைபடத்தில் ராணுவத் தளங்களின் உள்பாதைகள் இருப்பது 2018 ஜனவரியில் தெரிந்துபோனதும் இதே காரணத்தால்தான். உங்கள் ஒலிநடைக்குக் கேட்பவரின் தடம் தேவையில்லை. தூரக்கணக்கு போனுக்குள்ளேயே நடக்கட்டும், எதையும் சேமிக்காதீர்கள், ஆயத்தத் தளம் எதைச் சேமிக்கிறது என்று படித்துவிட்டுக் கேட்பவருக்குச் சொல்லுங்கள்.

இடத்துக்கும் உரிமையாளர்கள் உண்டு. மெய்நிகர் பொருளை எங்கே வைக்கவும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்பதை 2010இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்குள் அழைப்பில்லாமல் மெய்நிகர்க் கண்காட்சி நடத்திய கலைஞர்கள் காட்டினார்கள். அந்தச் சுதந்திரத்தின் மறுபக்கம் 2016இல் தெரிந்தது. உண்மையான இடங்களில் மெய்நிகர் உயிரினங்களைத் தேடிப்பிடிக்கும் போக்கிமான் கோ ஆட்டம் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்குள்ளும் நுழைந்துவிட, அங்கிருந்து எடுக்கும்படி நகராட்சி கேட்க வேண்டியதாயிற்று. வீட்டு வாசலில் வட்டம் வைத்தால் அந்நியர்கள் வந்து நிற்பார்கள். அங்கே குடியிருப்பவர்களிடம் முன்பே பேசுங்கள். ஒலியைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் குரலைப் பதிவுசெய்தால், அது எந்த இடத்தில், எவ்வளவு காலம் கேட்கும் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் வட்டத்தைத் தெருமுனைக்கு நகர்த்துங்கள். 30 மீட்டர் நகர்த்துவதால் கதை கெடாது.

வெளியிட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே முழுதும் நடந்து பாருங்கள். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியிருப்பார்கள், நடைபாதை மூடியிருக்கும், குரலில் சொன்ன மரம் வெட்டப்பட்டிருக்கும், பக்கத்தில் புதிய மாடி எழுந்து சிக்னலை மறைத்திருக்கும். போன்களின் இயங்குதளம் ஆண்டுதோறும் மாறும்போது அனுமதி விதிகளும் மாறும். தளம் ஒருநாள் மூடப்பட்டால் நடை போய்விடும். அதனால் அசல் டபிள்யூஏவி கோப்புகள், குரல் எழுத்துப்படி, ஒவ்வொரு வட்டத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் நுழைவு ஆரமும் வெளியேறும் ஆரமும் எழுதிய அட்டவணை, ஏற்றஇறக்க நொடிகள், ஒருவர் முழுதாக நடந்து கேட்டதன் ஒலிப்பதிவு ஆகியவற்றை ஒரே உறையில் இரண்டு இடங்களில் வைத்திருங்கள். இவை இருந்தால் வேறு தளத்தில் ஒரே நாளில் மறுபடி கட்டிவிடலாம்.